பன்னிரண்டு நாள் போஸ்டிங், ரெண்டு முடிவு

இன்னைக்கு கோடிங், ஏஐ எதுவும் கிடையாது. பிசியோதெரபி பத்திப் பேசப் போறோம்.

என் சித்தி பொண்ணு திண்டுக்கல்காரி. பிபிடி கடைசி வருஷம். சேரும்போது ஒரே கனவு: ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆகி, ஐபிஎல் டீம் டக்அவுட்ல உட்காரணும். கிளாஸ்ல பாதிப் பேருக்கு அதே கனவுதானாம். மூணாவது வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில நியூரோ வார்டுல ரெண்டு வாரம் போட்டாங்க. திரும்பி வந்தவ சொன்னது இதான்: "நியூரோ வேண்டவே வேண்டாம்ணே. யாருமே எந்திரிக்க மாட்டேங்கிறாங்க."

அவ சொன்னதுல பொய் இல்ல. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆர்த்தோவுல முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவரு இன்னைக்கு 40 டிகிரி மடக்குவாரு, கொஞ்ச நாள்ல 90-ஐத் தொடுவாரு. கோனியோமீட்டர் வச்சு அளந்து நோட்டுல எழுதலாம். ஸ்ட்ரோக் அப்படி இல்ல. முதல் மூணு மாசத்துல முன்னேற்றம் வேகமா இருக்கும், அதுக்கப்புறமும் மெதுவா நடக்கும். ஆனா பேஷண்ட் சில நாள்லயே டிஸ்சார்ஜ், ஸ்டூடண்ட் ரெண்டு வாரத்துல அடுத்த வார்டு. ரெண்டு பேரும் இடைவேளைக்கு முன்னாடியே தியேட்டரை விட்டு வந்துடறாங்க. படம் நல்லா இல்லைன்னு ரிவ்யூ மட்டும் வந்துடுது!

போதாக்குறைக்கு அங்க இருந்த சீனியர், "சும்மா கை காலை ஆட்டி விட்டுட்டுப் போம்மா"ன்னாராம். பாடத்தை விட இந்த மாதிரி ஒரு வரிதான் மனசுல ஒட்டும்.

அப்புறம் வந்தது கம்யூனிட்டி போஸ்டிங். வேடசந்தூர் பக்கம், வாரம் ஒரு நாள், மூணு மாசம். கணக்குப் பாருங்க, இதுவும் அதே பன்னிரண்டு நாள்தான். அங்க ஒரு பெரியவர், ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தவர், வலது பக்கம் வரல. வீட்டுல பேரலல் பார் கிடையாது. தாழ்வான கயித்துக் கட்டில், கொல்லைக்குப் போற வழியில ஒரு உயரமான படி. முதல் வாரம் இவ செஞ்சது, கட்டில் கால் நாலுக்கும் செங்கல் வச்சு உயர்த்தினதுதான். உட்கார்ற இடம் உயர்ந்தா எழுந்திரிக்கிறது சுலபம். அவர் எழுந்து பழகப் பழக ஒவ்வொரு செங்கலா எடுத்தா. பத்தாவது வாரம் மனுசன் செங்கலே இல்லாம எழுந்து, அந்தப் படியையும் தாண்டிட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்கு போன்: "அண்ணே, நியூரோவுல எம்பிடி எங்க நல்லா இருக்கும்?"

இது ஒரு பொண்ணோட கேரியர் கதை மட்டும் இல்ல. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபியும் வீடு தேடிப் போகுது. அந்த வேலைக்கு, ஸ்ட்ரோக் வந்த பெரியவரைப் பார்த்ததும் சலிச்சுக்காத ஆள் வேணும். அந்த ஆள் உருவாகறதும் உருவாகாததும் இந்த போஸ்டிங் அட்டவணையிலதான்.

தமிழ்நாட்டுல பிபிடி இதுவரை நாலரை வருஷம், அதுல இன்டர்ன்ஷிப் ஆறு மாசம். 2025-ல வந்த தேசியப் பாடத்திட்டத்துல இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம். நல்லதுதான். ஆனா அந்த ஒரு வருஷத்தையும் ரெண்டு ரெண்டு வாரமா நறுக்கிட்டா, அதே பாதிப் படத்தை இன்னும் நிறைய வார்டுல பார்ப்பாங்க. அதே பேஷண்டைத் திரும்பப் பார்க்கிற மாதிரி அட்டவணை போட முடியாதா? நான் பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. எனக்கு இது ஷெட்யூலிங் பிரச்சனையாத்தான் தெரியுது.

பிபிடி படிக்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, உங்களை எந்த வார்டு மாத்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடறேன்.