நாம் பாடமா, பாடம் சொல்பவர்களா?



மருத்துவ மாணவர்களுக்கு 'உலக சுகாதாரம்' என்றொரு பாடம் உண்டு. அது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அதன் வேர் நம் தோட்டத்து லயங்களிலும் இருக்கிறது.

1898-99 ஆண்டுகளில் லிவர்பூலிலும் லண்டனிலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் தொடங்கின. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மல்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியவைத்து மலேரியாவைக் குறைத்தார். பின்னர் தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளி படுத்துவிட்டால் தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்தக் காய்ச்சலில் மாண்ட தமிழர்கள் ஏராளம். நாம் பாடமாக இருந்தோம். பாடம் சொல்ல நம்மை அழைக்கவில்லை.

இன்று? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. "உங்கள் ஆட்கள் வாயைக் கட்டுவதில்லை" என்று சொல்வது சுலபம். இரவு ஷிப்ட், ஓவர்டைம், கிளினிக்கில் காத்திருந்தால் போகும் ஒருநாள் சம்பளம், இவற்றை யார் கேட்கிறார்கள்?

நம் உடம்பையும் தெரிந்து படிக்க வேண்டும். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004-இலேயே சொன்னார்கள். தோல் தடிப்பு கறுத்த மேனியில் சிவப்பாகத் தெரியாமல் போகலாம். இதற்காகவே 2020-இல் லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே, தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து கருமேனிக்கான கையேடு தயாரித்தார். ஒரு மாணவரால் முடிந்தது, கல்லூரிகளால் முடியாதா?

நாம் கேட்பது மூன்று.

ஒன்று, மாணவர்கள் தோட்டத்துக்கும் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் வரட்டும். நோயாளியும் வகுப்பில் பேசட்டும்.

இரண்டு, பாட்டியின் நோயைச் சொல்லப் பத்து வயதுப் பேத்தி மொழிபெயர்ப்பாளராக நிற்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளரோடு பேசப் பழகுவதும் மருத்துவப் பாடம்தான்.

மூன்று, ஓராங் அஸ்லி மக்களும், இன்று தோட்டத்தில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அந்தப் பாடத்தில் இருக்க வேண்டும். நேற்று நாம் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். நமக்கு மட்டும் கேட்டால் அது சலுகை, எல்லாருக்கும் கேட்டால்தான் உரிமை.

மருத்துவமனையில் மாணவர் உங்கள் கட்டிலருகே வந்தால் வாய் திறந்து பேசுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், மருந்து ஏன் தவறியது, எல்லாம் சொல்லுங்கள். நாளைய டாக்டருக்கு நீங்களும் வாத்தியார்.