மழைக்குப் பின் வடிகால் பேணல்

(பெரியபாளையத்தில் ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிப் பனியும் விலகிவிட்டது. மழைநீர் கொணர்ந்த வண்டல் நம் தெருச் சாக்கடைகளில் படிந்து கிடக்கிறது. தேங்கிய கழிவுநீரில் பெருகும் கொசுவே யானைக்கால் நோயைப் பரப்புவது. ஆடியில் பவானி அம்மனை நாடி அடியார் கூட்டம் வரும்வரை காத்திராமல், இத் தை மாதத்திலேயே வண்டலை வாரிவிடுதல் வேண்டும். வாரியதைக் கரையில் குவித்தால் அடுத்த மழையில் மீண்டும் உள்ளே சரியும், அன்றே அப்புறப்படுத்துக. குளித்த நீரை உறிஞ்சுகுழிக்கோ வாழைப் பாத்திக்கோ விடுக.

ஒன்றை வற்புறுத்திக் கூறுகிறேன். மலக்குழி அடைத்துக்கொண்டால் ஆளை உள்ளே இறக்காதீர்கள். அங்குள்ள நச்சுவாயு நொடியில் மயக்கும். காக்க இறங்குபவரும் மடிவர். பாதுகாப்புச் சாதனமின்றி இறக்குதல் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கழிவு உறிஞ்சும் லாரியையே அழையுங்கள். மிச்சமாகும் பணம் பெரிதன்று. மனித உயிரே பெரிது.