பட்லர் தோட்டம்: இரண்டு நாளில் ஏலம் போன 429 பேர்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள் நம் வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அட்லாண்டா பக்கம் போனவர்கள் அப்படியே காரில் நான்கு மணி நேரம் போய் சவானா நகரத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில் பழைய தோட்ட மாளிகைகள் உண்டு. வெள்ளைத் தூண்கள், வரிசையாக ஓக் மரங்கள், கிளைகளில் நரைத்த தாடி போலத் தொங்கும் பாசி. படம் எடுக்க அழகான இடங்கள். இப்படிப்பட்ட பல தோட்டங்களில் இன்று கல்யாணம்கூட நடத்துகிறார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு தோட்டத்தின் கதை. பட்லர் குடும்பத்தின் தோட்டம்.

முதலில் ஒரு விளக்கம். தோட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேயிலையும் ரப்பரும். இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன நம் மக்கள் கங்காணியிடமும் கடனிலும் கட்டுண்டு கிடந்தார்கள். அந்தத் துயரம் சிறியதல்ல. ஆனால் அமெரிக்கத் தென் மாநிலங்களில் இருந்தது வேறு. அங்கே சட்டப்படி ஆளே சொத்து. அவரை விற்கலாம், அடகு வைக்கலாம், உயில் எழுதி வைக்கலாம். தாய் அடிமை என்றால் பிறக்கும் குழந்தையும் அடிமை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

குடும்பம்

இந்தச் சொத்தைச் சேர்த்தவர் மேஜர் பியர்ஸ் பட்லர். அயர்லாந்தில் பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக அமெரிக்கா வந்தவர். தென் கரோலினாவின் செல்வந்தக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்தார். 1787இல் அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதிய மாநாட்டில் உறுப்பினர். ஓர் அடிமை வேறு மாநிலத்துக்குத் தப்பி ஓடினாலும் உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி சாசனத்தில் இடம்பெறக் காரணமாக இருந்தவர் இவர்.

ஜார்ஜியா கடற்கரையில் இவருக்கு இரண்டு பெரிய தோட்டங்கள். அல்டமாஹா ஆற்றின் கழிமுகத்தில் உள்ள பட்லர் தீவில் நெல். செயின்ட் சைமன்ஸ் தீவில் பருத்தி. 1822இல் அவர் இறந்தார். தன் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்ளும் பேரன்களுக்கே சொத்து என்று எழுதி வைத்திருந்தார். அப்படிப் பெயரை மாற்றிக்கொண்டு சொத்தைப் பெற்றவர்கள் இரண்டு பேரன்கள். ஒருவர் ஜான், இன்னொருவர் தாத்தாவின் பெயரையே கொண்ட பியர்ஸ். அவர்கள் வாழ்ந்தது ஃபிலடெல்பியாவில். பென்சில்வேனியா மாநிலம் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க 1780இலேயே சட்டம் போட்டிருந்தது. ஆக, அடிமை இல்லாத ஊரில் வீடு, அடிமைகள் உழைக்கும் ஊரிலிருந்து வருமானம்.

நெல் வயல்

நெல் என்றதால் நமக்கு இது நன்றாகவே புரியும். அந்தத் தீவில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்திருந்தார்கள். கடல் ஓதம் ஏறும்போது ஆற்றின் நல்ல நீர் மேலே தள்ளப்பட்டு வரும். அப்போது மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். ஓதம் இறங்கும்போது வடித்துவிடுவார்கள். இந்தக் கரைகளையும் வாய்க்கால்களையும் சேற்றில் நின்று கையால் வெட்டியவர்கள் அடிமைகள்தான். அவர்களின் முன்னோர் பலர் மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். கொசுவும் மலேரியாவும் நிறைந்த இடம். கோடைக்காலத்தில் வெள்ளையர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். வயலில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அந்த வீட்டுக்கு வந்த மருமகள்

1834இல் இளைய பியர்ஸ், ஃபேனி கெம்பிள் என்ற புகழ்பெற்ற ஆங்கில நாடக நடிகையை மணந்தார். அவர் அடிமை முறையை வெறுத்தவர். 1838 கடைசியில் கணவருடன் ஜார்ஜியா போய் நான்கு மாதம் போலத் தங்கினார். கண்டதையெல்லாம் கடித வடிவில் எழுதி வைத்தார்.

அதில் மறக்க முடியாத ஒரு பகுதி உண்டு. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வருகிறார்கள். ஃபேனி ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்: பெயர், பெற்ற பிள்ளைகள் எத்தனை, இறந்தவை எத்தனை, கருச்சிதைவு எத்தனை. பிரசவம் ஆன மூன்றாவது வாரமே மண்வெட்டியோடு வயலில் இறங்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பெண்கள் கேட்டது விடுதலை அல்ல, ஒரு வாரம் கூடுதல் ஓய்வு. கணவரிடம் ஃபேனி எடுத்துச் சொன்னார். இனி இவர்களின் மனுக்களை என்னிடம் கொண்டுவராதே என்று கடைசியில் பியர்ஸ் தடுத்துவிட்டார். ஆலெக் என்ற சிறுவனுக்கு ஃபேனி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஜார்ஜியா சட்டப்படி அது குற்றம்.

1849இல் அவர்கள் மணவிலக்குப் பெற்றார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் தந்தையின் பொறுப்பில். ஃபேனியின் குறிப்புகள் உள்நாட்டுப் போர் நடந்த 1863இல்தான் நூலாக வெளிவந்தன.

ஏலம்

பியர்ஸ் சூதாடினார், பங்குச் சந்தையிலும் பணத்தை விட்டார். 1857இல் வந்த பொருளாதார நெருக்கடி மீதியையும் கரைத்தது. கடனை அடைக்க ஃபிலடெல்பியா வீடு விற்கப்பட்டது. அது போதவில்லை. இறந்துபோன அண்ணனின் பங்கைப் பிரித்த பிறகு, தன் பங்கில் இருந்த மனிதர்களை விற்க முடிவானது.

1859 மார்ச் 2, 3 தேதிகள். சவானாவுக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தய மைதானம். பட்டியலில் 436 பேர். சில நாள் முன்பே அவர்களைக் கொண்டுவந்து குதிரை லாயங்களில் அடைத்தார்கள். வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்த்தார்கள், கையை அமுக்கிப் பார்த்தார்கள், நடக்கச் சொன்னார்கள். ஏலம் நடந்த நாட்களில் விடாத மழை. ‘அழுகைக் காலம்’ என்ற பெயர் அந்த ஏலத்துக்கு நிலைத்துவிட்டது. மார்ட்டிமர் தாம்சன் என்ற நியூயார்க் பத்திரிகையாளர், வாங்க வந்தவர் போல நடித்து உள்ளே போய் எல்லாவற்றையும் எழுதினார். அதனால்தான் இவ்வளவு விவரம் நமக்குத் தெரிகிறது.

டாஃப்னி என்ற பெண் போர்வை போர்த்திக்கொண்டு மேடை ஏறினார். போர்வையை எடு, உடம்பில் என்ன குறை என்று பார்க்க வேண்டும் என்று கூச்சல். உள்ளே இருந்தது பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. அந்தக் குழந்தைக்கும் விலை உண்டு.

குடும்பங்களைப் பிரிக்க மாட்டோம் என்பது அந்த ஏலத்தின் நிபந்தனை. அதைத் தங்கள் நல்ல மனசுக்கு அடையாளமாகவே நினைத்தார்கள். ஆனால் எது குடும்பம் என்று முடிவு செய்தவர்கள் விற்பவர்கள். கணவன், மனைவி, சிறு பிள்ளைகள், அவ்வளவுதான். வயதான தாய், வளர்ந்த மகன், அக்கா, தம்பி யாரும் அந்தக் கணக்கில் இல்லை. மணம் செய்ய நினைத்திருந்தவர்களும் இல்லை.

ஜெஃப்ரி, 23 வயது, பட்டியலில் எண் 319. டார்கஸ், எண் 278. இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். முதல் நாள் ஜெஃப்ரி விற்கப்பட்டார். டார்கஸையும் வாங்கிவிடுங்கள், நல்ல உழைப்பாளி என்று புதிய எஜமானிடம் அவர் கெஞ்சினார். தன் அன்பைக்கூட வியாபாரப் பேச்சில்தான் அவரால் சொல்ல முடிந்தது. மறுநாள் பார்த்தால் டார்கஸ் தனியாக விற்பனைக்கு இல்லை, வேறு நால்வரோடு ஒரே தொகுப்பு. ஐந்து பேரை வாங்க அந்த எஜமானுக்கு விருப்பமில்லை. அதோடு முடிந்தது.

இரண்டு நாளில் 429 பேர் விற்றார்கள். மொத்தம் 3,03,850 டாலர். சராசரியாகத் தலைக்கு 700 டாலருக்குச் சற்றுக் கூடுதல். முடிந்ததும் பியர்ஸ் பட்லர் ஒரு காரியம் செய்தார். நாணயச்சாலையிலிருந்து வந்த புத்தம்புது கால் டாலர் காசுகளைப் பையில் வைத்துக்கொண்டு, விற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் கொடுத்தார்.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது அந்த ஒரு டாலர்தான். அவரை ஊரார் கொடியவர் என்று சொல்லவில்லை. படித்தவர், பண்பானவர், நல்ல எஜமான் என்றே பேர். சட்டம் அனுமதித்ததைத்தான் அவர் செய்தார். தரகர் தன் வேலையைச் செய்தார், பத்திரம் எழுதியவர் சரியாக எழுதினார். கொடுமை செய்கிறோம் என்ற நினைப்பே யாருக்கும் வராமல் 429 பேரின் வாழ்க்கை பிய்த்து எறியப்பட்டது.

பிறகு

இரண்டே ஆண்டில் போர் வந்தது. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பியர்ஸின் மூத்த மகள் சாரா வடக்கின் பக்கம், இளைய மகள் ஃபிரான்சஸ் தெற்கின் பக்கம். போருக்குப் பின் ஃபிரான்சஸ் தந்தையோடு தோட்டத்துக்குப் போய், விடுதலை பெற்றவர்களைக் கூலிக்கு வைத்து நடத்தப் பார்த்தார். பியர்ஸ் 1867இல் மலேரியாவில் இறந்தார்.

விற்கப்பட்டவர்களில் சிலர் பழைய தீவுக்கே திரும்பி வந்தார்கள். எஜமான் மேல் உள்ள பாசம் என்று அந்தக் குடும்பம் நினைத்திருக்கலாம். பிரிந்துபோன உறவை வேறு எங்கே போய்த் தேடுவது? தென் மாநிலங்களில் அடுத்த பல பத்தாண்டுகள், தொலைந்த தாயையும் பிள்ளையையும் தேடி விடுதலை பெற்ற மக்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜெஃப்ரியும் டார்கஸும் மீண்டும் சந்தித்ததாக எந்தப் பதிவும் எனக்குக் கிடைக்கவில்லை.

விற்பதற்காக அச்சடித்த அந்த ஏலப் பட்டியல்தான் இன்று அவர்களின் வழித்தோன்றல்களுக்கு முன்னோரின் பெயரைக் காட்டும் ஏடு. 2008இல் சவானாவில் அந்த ஏலத்துக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், டேரியன் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பழைய செங்கல் புகைபோக்கி நிற்கும். பட்லர் தீவின் அரிசி ஆலையில் மிச்சம் அது. பக்கத்தில் அந்த வாய்க்கால்களின் தடமும் தெரியும். கொஞ்சம் நின்று பாருங்கள். பேரப் பிள்ளைகள் கூட இருந்தால், இதை வெட்டியவர்கள் யார் என்று சொல்லுங்கள். பெரிய மாளிகைக்குள் போனால் வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே உழைத்தவர்களின் பெயர் என்ன?