மண் சுவரும் நீராவியும்



மொராக்கோவில் பொதுக் குளியல் கூடத்துக்கு ஹமாம் என்று பெயர். அடுத்தடுத்து மூன்று அறைகள். உள்ளே போகப் போகச் சூடு கூடும். விறகு உலையின் வெப்பம் தரைக்கு அடியில் ஓடும். மரக்கேஷ் நகரில் அந்த உலையின் சூடான சாம்பலில் மண்சாடியைப் புதைத்து இறைச்சியும் சமைக்கிறார்கள்!

சரி, இப்படிப்பட்ட கூடத்துக்கு மண்ணால் சுவர் எழுப்பி, நாளெல்லாம் உள்ளே நீராவி நின்றால் சுவர் கரையாதா? அங்கேதான் கொத்தனாரின் கைத்திறன். தாதெலாக்த் என்ற சுண்ணாம்புப் பூச்சைப் பூசி, காய்வதற்குள் வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்க்கிறார்கள். அதன்மேல் ஆலிவ் எண்ணெயில் செய்த சோப்பைத் தடவுகிறார்கள். சோப்பும் சுண்ணாம்பும் வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத மெல்லிய படலமாகிவிடும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

கூரையும் சும்மா வளைவதில்லை. ஆவி குளிர்ந்து நீர்த்துளியானால் தலையில் சொட்டாமல், வளைவோடு வழிந்து சுவருக்குப் போய்விடும்.

இன்று புதிதாகக் கட்டுவோர் விறகுக்குப் பதிலாகத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கலாம், மின்சாரத்தில் ஆவி எழுப்பலாம். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் மண் சுவர்மேல் மட்டும் சிமெண்ட் பூசவே கூடாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரை உள்ளிருந்தே அரித்துவிடும். அடித்தளத்தைக் கல்லால் கட்டி உயர்த்துவதும், தண்ணீர் தேங்காமல் தரைக்கு வாட்டம் வைப்பதும் முதல் நாளே முடிவாக வேண்டிய வேலைகள்.