நூற்றைந்தாவது பொருள்



திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அப்பால் கதிரவன் மறைந்து அரைமணி நேரம் கழிந்தபின், சமவெளியில் விளக்கொளி குறைந்த ஓரிடத்தில் நின்று வானத்தைப் பாருங்கள். விண்மீன் ஒன்று நகர்வதுபோல் தோன்றக்கூடும். சீரான ஒளியோடு சென்றால் அது பெரும்பாலும் செயற்கைக்கோள். மங்கியும் பளிச்சிட்டும் மாறிமாறித் தெரியுமாயின், புரண்டுகொண்டே சுற்றும் வெற்று ராக்கெட் அடுக்காகவும் இருக்கலாம்.

ராக்கெட்டின் கீழ் அடுக்குகள் கடலில் விழுந்துவிடும். செயற்கைக்கோளைத் தன் பாதையில் சேர்க்கும் மேலடுக்கோ, அதற்கு நிகராக, நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிடுகிறது. ஆகவே அதுவும் விழாமல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் சிறு ஆணியும் துப்பாக்கிக் குண்டினும் கொடிதாகும்.

வெற்று அடுக்கு என்றேன், அச்சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி.-சி3, மூன்று செயற்கைக்கோள்களைப் பழுதின்றிச் சேர்ப்பித்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 19 அன்று, அதன் நான்காம் அடுக்கு வெடித்துச் சிதறியது. தொட்டிகளில் எஞ்சிய எரிபொருளே காரணம் எனக் கருதப்படுகிறது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் கணக்கிடப்பட்டன. அவற்றுட் சில இருபது ஆண்டு கடந்தும் சுற்றிக்கொண்டிருந்தன.

எச்சத்தின் இயல்பு நம் ஊராருக்குப் புதிதன்று. தோல் பதனிடும் கூடங்களின் கழிவுநீர் நிலத்தில் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்ததை என் தலைமுறை கண்டது. தோல் கப்பலேறிப் போயிற்று. உப்பு இங்கேயே தங்கிற்று.

நம் விஞ்ஞானிகள் பாடம் கற்றனர். 2002-இல் சென்ற சி4 முதற்கொண்டு, பணி முடிந்ததும் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றிவிடும் முறை வந்தது. வெடிக்கும் அச்சம் குறைந்தது. ஆயினும் கலன் மேலேயே கிடந்தது. 2024 சனவரி 1 அன்று ஏவப்பட்ட சி58-இல் அடுத்த படி ஏறினர். செயற்கைக்கோளை 650 கிலோமீட்டர் உயரத்தில் விட்டபின், நான்காம் அடுக்கை 350 கிலோமீட்டருக்கு இறக்கினர். அதிலேயே சோதனைக் கருவிகளையும் இயக்கினர். வீட்டில் பழம்பானையைத் தொட்டியாக்கும் சிக்கனம்தான்! அவ்வுயரத்தில் மெல்லிய காற்று உண்டு. அது வேகத்தைத் தின்னத் தின்னக் கலன் தாழ்ந்து, மார்ச் 21 அன்று வட பசிபிக் கடலுக்கு மேலே காற்று மண்டலத்தில் புகுந்தது. எண்பதே நாள்.

இறக்காமல் விட்டால் எவ்வளவு காலம்? 2017 பிப்ரவரி 15 அன்று சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டு சென்றது. மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவ்வெண்ணைப் பெருமிதத்தோடு அறிவித்தேன், பிள்ளைகள் கைதட்டினர். அவற்றோடு நூற்றைந்தாவதாகச் சுற்றத் தொடங்கிய மேலடுக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏறத்தாழ 480 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்ட அது, ஏழாண்டுக்கும் மேல் சுற்றி, 2024 அக்டோபர் 6 அன்றுதான் வட அட்லாண்டிக் கடலுக்கு மேலே காற்று மண்டலத்தில் புகுந்தது.

அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அறிவிக்கக் காலை வணக்கக் கூட்டம் எனக்கு இல்லை. ஆதலால் வானொலியில் இன்று அறிவிக்கிறேன்.