லத்தீன் வாக்கியங்களுக்கு நடுங்கலாமா?

(செங்கற்பட்டில் நடந்த வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



லத்தீன் பழமொழிகளைப் பற்றி நான் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் லத்தீன் பண்டிதனல்ல. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வகுப்பைத் தாண்டாதவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் அகராதியின் கடைசிப் பக்கங்களில் லத்தீன் வாக்கியங்களையும், எதிரே அவற்றின் இங்கிலீஷ் அர்த்தங்களையும் அச்சிட்டிருந்தார்கள். அவற்றைத் தமிழில் எழுதி எழுதிப் பார்த்ததுதான் என் படிப்பு. ஆகவே நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லவும் லத்தீனில் ஒரு வாக்கியம் இருக்கிறது. லண்டனில் 1660-ல் ஏற்பட்ட ராயல் சொசைட்டி என்னும் விஞ்ஞான சங்கத்தார் "நுல்லியஸ் இன் வெர்பா" என்பதைத் தங்கள் கொள்கை வாக்கியமாக வைத்திருக்கிறார்கள். இன்னார் சொன்னார் என்பதற்காக மாத்திரம் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்பது அதன் கருத்து.

தோழர்களே! நமக்கு லத்தீன் தெரியாது என்று நினைக்கிறோம். ஆனால் தினமும் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் "போனபைடு" வாங்குகிறோமே, அது லத்தீன். நல்லெண்ணத்தோடு என்று அர்த்தம். "அபிடவிட்" லத்தீன், சத்தியம் செய்து சொன்னான் என்று அர்த்தம். கூட்டத்தில் "கோரம் இல்லை" என்கிறார்களே, அதுவும் லத்தீன். "இவர்களில்" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இதைக் கேட்ட ஒரு கிழவர், "கோரம் இல்லாவிட்டால் நல்லதுதானே, கூட்டத்தை ஏன் கலைக்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார்!

இது சிரிக்கக்கூடிய சங்கதி. இன்னொன்று சிரிக்கக்கூடியதல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் எனக்குத் தெரிந்த தோழருக்குக் கோர்ட்டுச் சம்மன் வந்தது. போகாவிட்டால் "எக்ஸ்பார்ட்டி" ஆகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எக்ஸ் மந்திரி என்றால் பழைய மந்திரி. ஆகையால் எக்ஸ் பார்ட்டி என்றால் வழக்குப் போட்ட பார்ட்டி விலகிவிட்டது என்று இவர் அர்த்தம் செய்துகொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு தரப்பை மாத்திரம் வைத்துத் தீர்ப்பாகிவிடும் என்பதல்லவா அதன் அர்த்தம்! அப்படியே ஆயிற்று. அத்தீர்ப்பை ரத்து செய்யக் காரணம் காட்டி 30 நாளைக்குள் மனுப் போடலாம். அவர் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தபோது அந்தக் கெடுவும் போய்விட்டது. மூன்று சென்டு மனை கைவிட்டுப் போயிற்று.

அவருக்கு என்ன சமாதானம் சொன்னார்கள்? "இக்னோரன்ஷியா ஜூரிஸ் நான் எக்ஸ்கியூசட்." சட்டம் தெரியாது என்பது மன்னிப்பாகாது என்று அர்த்தம். தெரியாது என்று சொல்லி எல்லோரும் தப்பித்துக்கொண்டால் சட்டமே இராது, வாஸ்தவம். ஆனால், தெரிந்துகொள் என்று கட்டளையிடுகிறவன் தெரியக்கூடிய பாஷையில் சொல்ல வேண்டாமா?

இங்கிலாந்துக்காரர்கள் இதை யோசித்தார்கள். கோர்ட்டு நடவடிக்கைகள் லத்தீனில் இருந்தால் ஜனங்களுக்கு விளங்காது என்று 1730-ல் சட்டம் செய்து, 1733 முதல் இங்கிலீஷிலேயே இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். நாமும் "ஹேபியஸ் கார்ப்பஸ்" என்பதை ஆட்கொணர்வு மனு என்று சொல்லிக்கொண்டோம். அதனால் அதன் சக்தி குறைந்துவிட்டதா? ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்பது கூலிக்காரனுக்கும் விளங்குகிறது!

லத்தீனில் நல்ல வாக்கியங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. "ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்" என்றால் மறுதரப்பையும் கேள் என்று அர்த்தம். "நீமோ ஜூடெக்ஸ் இன் காஸா சூவா" என்றால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகாதே என்று அர்த்தம். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று நம் பாட்டிமார் ஏளனம் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் பாட்டி சொன்னால் பழமொழி, லத்தீனில் சொன்னால் நீதிவாக்கியம் என்பது என்ன நியாயம்?

லத்தீனை மாத்திரம் குறை சொல்வானேன்? நம் கடற்கரைக்கே வாருங்கள். மாமல்லபுரத்துக் கணேச ரதத்தில் பல்லவர் காலத்து வடமொழிக் கல்வெட்டொன்று கிரந்த எழுத்தில் இருக்கிறது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் கடைசியில் இருப்பது என்ன? யார் உள்ளத்தில் சிவன் குடியிருக்கவில்லையோ அவர்கள் மேல் சாபம். அதுவும் ஒரு தரமல்ல, ஆறு தரம்! வைணவரும் தொடுகிறார், மதமில்லாதவரும் தொடுகிறார். வசவுக்குக் கும்பிடு போடும் யோக்கியதை, அர்த்தம் தெரியாததால் அல்லவா வந்தது?

ஆகவே தோழர்களே! கோர்ட்டானாலும், ஆபீசானாலும், கோயிலானாலும், புரியாத வார்த்தை காதில் விழுந்தால் "தமிழில் சொல்லுங்கள் ஐயா" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவருக்கு அது விளங்கவில்லை; சொல்ல மறுக்கிறவருக்கு அதில் லாபம் இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். அந்தக் குப்பத்துத் தோழர் ஒரு கேள்வி கேட்டிருந்தால், இன்று அவர் மனையில் அவரே இருப்பார்.