சுவையும் சொல்லும்

ஓர் ஊரை அறிவதற்கு வழிகள் பல உண்டு. கோயிலைக் கண்டு அறியலாம். கல்வெட்டைப் படித்து அறியலாம். முதியவர்களைக் கேட்டும் அறியலாம். இவற்றோடு இன்னும் ஒரு வழி உலகில் வழங்கி வருகிறது. ஊரின் தெருக்களில் நடந்து, அங்கங்கே நின்று, ஒரு கடி தின்று, ஒரு மிடறு குடித்து, அவ்வாறே ஊரை அறிந்துகொள்வது அந்த வழி. ஸ்பெயின் நாட்டு மக்கள் இதில் கை தேர்ந்தவர்கள். அங்கே கடைதோறும் சிறு தட்டில் வைத்துத் தரும் தின்பண்டத்துக்குத் 'தாபா' என்று பெயர். தாபா என்றால் அவர்கள் மொழியில் மூடி என்று பொருள். ஒரே கடையில் அமர்ந்து வயிற்றை நிரப்புவது அங்கே வழக்கம் அன்று. இங்கே ஒன்று, அடுத்த கடையில் ஒன்று என்று நின்றபடியே தின்று நடப்பார்கள். வெளியூரார் வந்தால், எந்தக் கடையில் எது சிறப்பு, அதைச் செய்பவர் யார் என்று சொல்லி அழைத்துச் செல்ல வழிகாட்டிகளும் இருக்கிறார்கள்.

அந்நாட்டின் வடகரையில், பிஸ்கே வளைகுடாவை ஒட்டி, சான் செபாஸ்டியன் என்றொரு நகரம் இருக்கிறது. பாஸ்க் என்னும் இனத்தார் வாழும் பகுதி அது. அங்குள்ள பண்டத்துக்குப் 'பின்சோ' என்று பெயர். ரொட்டித் துண்டின்மேல் மீனோ மிளகாயோ ஒலிவக் காயோ வைத்து, ஒரு சிறு குச்சியால் குத்தி அடுக்கியிருப்பார்கள். வேண்டியவர் வேண்டியதைத் தாமே எடுத்துத் தின்னலாம். போகும்போது தட்டில் கிடக்கும் குச்சிகளை எண்ணிக் காசு கொடுக்க வேண்டும். பல கடைகளில் இதுவே நெடுநாள் வழக்கம். இரண்டு குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அந்த வழக்கம் நிலைத்து வந்திருக்கிறது.

இதை நான் முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. என் சொந்த ஊர் இராஜபாளையம் வட்டத்திலுள்ள தளவாய்புரம். பெண்களுக்கான ஆயத்த ஆடைகள் தைப்பதற்குப் பெயர் பெற்ற ஊர் அது. தையல் இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் வடைத் தட்டு எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கும். எடுத்தவர் எத்தனை எடுத்தார் என்று கடைக்காரர் பார்ப்பதில்லை. "மூன்று வடை, ஒரு தேநீர்" என்று தின்றவரே சொல்வார். கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொள்வார். ஸ்பெயினில் குச்சிக்குள்ள இடம் நம் ஊரில் வாய்ச்சொல்லுக்கு இருக்கிறது.

நான் ஸ்பெயினுக்குப் போனதில்லை. ஆனால் அத்தகைய நடை ஒன்றை எங்கள் பகுதியிலேயே, ஒரு வழிகாட்டியோடு நடந்திருக்கிறேன். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதற்குக் காரணமாக இருந்தது ஒரு வெட்கம்.

மதுரையில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். என்பால் மிகுந்த அன்பு கொண்ட ஆசிரியர் ஒருவர், "உன் ஊர்ப்பக்கத்துப் பால்கோவாவை ஒருநாள் கொண்டுவா" என்று கேட்டிருந்தார். விடுமுறை முடிந்து திரும்பும்போது அது எனக்கு மறந்துபோயிற்று. வழியில் பேருந்து நின்ற ஓரிடத்தில் ஒரு கடை. பலகையில் ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஆசிரியர் ஒரு துண்டை வாயில் இட்டார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதுதானா அப்பா உங்கள் பால்கோவா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்தார். நானும் ஒரு துண்டைத் தின்று பார்த்தேன். மாவும் சர்க்கரையும் நாக்கில் ஒட்டின. பால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஏமாந்தவன் நான், ஆனால் பெயர் கெட்டதோ ஓர் ஊருக்கு.

அடுத்த விடுமுறையில் என் தாய்மாமனிடம் இதைச் சொன்னேன். அவர் முப்பது ஆண்டுகள் பால்கோவா அடுப்பின் முன் நின்று கிண்டியவர். கண்ணுக்கு அனல் ஆகாமற் போகவே தொழிலை விட்டவர். "நாளைக் காலை என்னோடு வா, மாப்பிள்ளை. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வா" என்றார். மறுநாள் விடியும் முன் புறப்பட்டோம். புறப்படுகையில் இரண்டு விதிகளைச் சொன்னார். எங்கும் மூக்குமுட்டத் தின்னக் கூடாது. செய்கிறவர் முகத்தைப் பார்க்காமலும் தின்னக் கூடாது.

முதலில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடை. ஆளுக்கொரு பருப்பு வடை, ஒரு தேநீர். பிறகு இராஜபாளையம் போய்ச் சேர்ந்தோம். கடைத்தெருவில் மாமா என்னைத் தள்ளுவண்டி ஒன்றின் முன் நிறுத்தினார். பித்தளைப் பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பருத்திப் பால்! பருத்திக் கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, அரைத்துப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்த் துருவலைத் தூவித் தரும் பானம் அது. இராஜபாளையம் பஞ்சாலைகளின் ஊர். 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இங்கே நூற்பாலையைத் தொடங்கினார். பஞ்சு நூலாகும், நூல் துணியாகும். கொட்டை என்ன ஆகும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. "பாதி மாட்டுக்கு, மீதி நமக்கு" என்று மாமா சிரித்தார். கறவை மாட்டுக்குப் பருத்திக் கொட்டை வைத்தால் பால் கெட்டியாகும் என்பது நம் உழவர் அனுபவம்.

சூடான அந்தப் பானம் தொண்டையில் இறங்கியபோது சுக்கின் காரமும் கருப்பட்டியின் இனிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சென்றன. இன்னொரு குவளை கேட்டேன். வண்டிக்கார அம்மையார் அகப்பையைப் பானைக்குள் விட்டுத் துழாவினார், முகர்ந்தார், தலையை அசைத்தார். "அடி பிடித்துவிட்டது தம்பி, இது வேண்டாம்" என்று பானையை மூடிவிட்டார். அடி பிடித்தது எனக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திராது. அவர் கொடுத்திருந்தால் குடித்துவிட்டுக் காசும் கொடுத்திருப்பேன். மாமா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இராஜபாளையத்துக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலை துணைவர, ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் பிறந்த ஊர். 190 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பதினொரு நிலைக் கோபுரத்தை உடைய ஊர். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி தெருக்களின் வழியே நடந்தோம். கறந்த பால் நிரம்பிய கேன்கள் மிதிவண்டிகளிலும் வண்டிகளிலும் வந்துகொண்டிருந்தன. மாமா தமக்குப் பழக்கமான ஓர் அடுப்படிக்குள் என்னை அழைத்துச் சென்றார்.

உள்ளே நுழைந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அகன்ற இரும்பு வாணலியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே புளிய விறகு எரிந்தது. முந்திரிக் கொட்டையின் தோட்டை எரிப்பதும் உண்டாம். பொருள்கள் இரண்டே: பசும்பால், சர்க்கரை. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ அளவில் சர்க்கரை. ஆனால் உண்மையான வேலை, சேர்ப்பதில் இல்லை, போக்குவதில் இருக்கிறது. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர் என்று நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நீரைத் தீயால் விரட்ட வேண்டும். அடியும் பிடிக்கக் கூடாது. ஆகவே கிண்டுகிற கை ஓயக் கூடாது. ஓரத்தில் படியும் ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ள வேண்டும்.

அங்கிருந்த தொழிலாளி துடுப்பை என் கையில் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் என் தோள் கெஞ்சியது. கண்ணில் நீர் வழிந்தது. மாமா முப்பது ஆண்டுகள் இந்த இடத்தில் நின்றவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து லிட்டர் பால், ஏறக்குறைய மூன்று கிலோவாகச் சுண்டி, இளம்பழுப்பு நிறம் கொண்டது. பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடுவதால் வரும் நிறம் அது, சாயம் அன்று. சிறிது எடுத்து வாழையிலையில் வைத்துத் தந்தார். மிருதுவாக, ஆனால் மணல் மணலாக இருந்தது. முதலில் பால், பிறகு இனிப்பு, கடைசியில், மிக மெலிதாக, விறகுப் புகை. மதுரையில் நான் கொடுத்த பொட்டலம் நினைவுக்கு வந்தது.

"மாவைக் கலந்தால் பாலும் மிச்சம், நேரமும் மிச்சம். தின்கிறவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்" என்றார் தொழிலாளி.

"தெரியாத இடத்தில் சரியாக நடப்பதற்குத்தானே தொழில் என்று பெயர்!" என்றார் மாமா.

மாணவ நண்பர்களே, இதைச் சோதித்து அறிய ஓர் எளிய முறை உண்டு. இனிப்பில் சிறிதளவை நீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அதில் இரண்டு துளி அயோடின் கரைசலை விடுங்கள். நீலநிறம் தோன்றினால் மாவுப்பொருள் கலந்திருக்கிறது என்று பொருள். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

சட்டமும் தன்னால் இயன்றதைச் செய்கிறது. ஒரு பொருளோடு ஒட்டிய ஊர்ப்பெயரைக் காக்க வேண்டும் என்பதை ஸ்பெயின் நாட்டார் முன்பே உணர்ந்தார்கள். ரியோஹா என்னும் பகுதியின் திராட்சை மதுவுக்கு 1925-ஆம் ஆண்டிலேயே அந்தக் காப்பு கிடைத்தது. நம் நாட்டில் இதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பிற ஊரில் செய்ததை இவ்வூர்ப் பெயரால் விற்பது சட்டப்படி குற்றம் என்று ஆயிற்று. ஆயினும் ஒவ்வொரு வாணலிக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியுமா? முடியாது. அடுப்புக்கு முன் நிற்பவரின் மனமே அங்கே காவல். பானையை மூடிய அந்த அம்மையாருக்கு எந்தச் சட்டமும் நினைவில் இருந்திராது.

அன்றே கால் கிலோப் பால்கோவா வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். ஆசிரியருக்கு அதற்குள் நீரிழிவு கண்டிருந்தது. மருத்துவர் இனிப்பை விலக்கியிருந்தார். ஆயினும் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். கடுகளவு எடுத்து நாக்கில் வைத்தார். "அன்றைக்கு உன் ஊரைத் தவறாக எடை போட்டுவிட்டேன்" என்றார். மீதியை அவருடைய பேத்தி தின்று தீர்த்தாள். ஒருவர் மனத்தில் விழுந்த அந்தக் கறையைத் துடைக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அந்தக் கடையில் ஏமாந்த மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே?

ஒரு செய்தியைச் சொல்ல மறந்தேன். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஊர் திரும்பியதும், மதுரைக்குப் புறப்படுமுன், மாமாவும் நானும் மீண்டும் அதே தேநீர்க் கடையில் நின்றோம். நடந்த களைப்பில் நான் வடைகளை எண்ணாமல் தின்றுவிட்டேன். காசு கொடுக்கும்போது மூன்றா நான்கா என்று தடுமாறினேன். கடைக்காரர் பொறுமையாக நின்றார். மாமா என் காதருகே சொன்னார்: "ஐயம் வந்தால் கூட்டிச் சொல், மாப்பிள்ளை."

நான்கு என்று சொன்னேன். விற்பவர் சொல்லை வாங்குபவர் நம்புகிறார். தின்றவர் சொல்லை விற்றவர் நம்புகிறார். இந்த இரண்டு நம்பிக்கைகளின்மேல்தான் சான் செபாஸ்டியனின் கடைவீதியும் நிற்கிறது. தளவாய்புரத்துத் தேநீர்க் கடையும் நிற்கிறது. நீங்களும் அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு இப்படி ஒரு காலை நடந்து பாருங்கள். செய்கிறவர் முகத்தைப் பாருங்கள். தின்றதைச் சரியாக எண்ணிச் சொல்லுங்கள்.